மாஞ்சோலை இறக்கம்

ஹரிஹரசுப்பிரமணியனும் குமரகுருபரனும் சைக்கிளில் போகாத பாதை அந்த மலையடிவாரத்தில் கிடையாது. ஹரிஹரன் கல்லிடைக்குறிச்சியில் கணக்கு வாத்தியார். குமரகுருபரன் அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆளுக்கொரு கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தார் ரோடு இருவருக்குமே ஆகாது. கன்னடியன் கால்வாய்க் கரையின் மண்பாதை, சிவசைலம் போகும் வண்டித்தடம், மலைக்குள் ஏறும் ஜல்லி ரோடு என்று தேடித் தேடிப் போவார்கள். வழியில் பேச்சு அதிகம் இராது. சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தமே போதும் என்பார் குமரகுருபரன்.

தொண்ணூற்று மூன்றில் ஹரிஹரனுக்குக் கண்ணில் கோளாறு தொடங்கியது. முதலில் பொழுது மங்கியதும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. பிறகு, பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் போல எதிரே நின்றார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் ஹரிஹரனின் மனைவி காமாக்ஷி, ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வேலை போய்விடும் என்று பயந்து கணவனும் மனைவியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. குமரகுருபரனிடம் மறைத்ததற்கு மட்டும் காரணம் வேறு. சொன்னால் மனிதர் அன்றைக்கே சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஹரிஹரனுக்குத் தோன்றியது. அதனால் நண்பரை எப்போதும் முன்னால் போகவிட்டார். அவருடைய பின்சக்கரத்தில் மட்டும் பார்வையை வைத்து, அது போன தடத்திலேயே தன் சைக்கிளை விட்டார். வெளிச்சம் இருக்கும் வரை அது போதுமானதாக இருந்தது.

அடுத்த தை மாதத்தில் ஒரு நாள், மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறலாம் என்று ஹரிஹரன்தான் ஆரம்பித்தார். இனி ஒருதரம் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குமரகுருபரனுக்குச் சந்தோஷம். செக்போஸ்ட்டில் சொல்லிவிட்டு ஏறினார்கள். பாதி தூரம் ஓட்டியும் மீதி தூரம் தள்ளியும், மத்தியானம் எஸ்டேட்டைச் சேர்ந்தார்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எதிர்ச் சரிவின் பச்சையை ஹரிஹரன் தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்து முடித்தார். அதில் நேரம் போய்விட்டது. சாயங்காலம் இறங்கத் தொடங்கும்போது மஞ்சு மூட்டம் கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் தன் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. ஹரிஹரன் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிரேக்கில் கையை வைத்தபடி இறங்கினார். ஒரு திருப்பத்தில் முன்னால் கல் சரசரவென்று உருண்டது. தகரம் நசுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை.

ரோட்டோரத்துக்குக் கீழே, ஆள் உயரப் பள்ளத்தில், ஒரு மரத்தடியில் குமரகுருபரன் கிடந்தார். கூப்பிட்டதற்குக் குரல் வந்த திசையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ஹரிஹரன் அவரைக் கையால் தொட்டார்.

"கால் போச்சுவே. எலும்பு வெளிய வந்துட்டு," என்றார் குமரகுருபரன். "மேல எஸ்டேட்டுக்குப் போயி ஆளக் கூட்டிட்டு வாரும். தள்ளிக்கிட்டே போனாலும் அர மணி நேரந்தான்."

சொல்லிவிட வேண்டும் என்று ஹரிஹரனுக்கு வாய் வரைக்கும் வந்தது. கால் ஒடிந்து கிடக்கிறவனிடம், உனக்கு ஆள் கூப்பிடப் போகிறவனுக்குக் கண் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கேட்டால் உள்ள தைரியமும் போய்விடுமே. போர்த்தியிருந்த துண்டை எடுத்து அவர் மேல் போட்டுவிட்டு, "இதோ வந்துடறேன் ஓய்," என்று மேலே ஏறினார்.

அதற்குள் வெளிச்சம் சுத்தமாகப் போயிருந்தது. சைக்கிளைக் குருடன் கோல்போல முன்னே தள்ளி, சக்கரம் ஓரத்துப் புல்லில் இறங்கினால் உள்ளே இழுத்து, காலடியில் ஜல்லி இருக்கிறதா என்று மிதித்து மிதித்துப் பார்த்து நடந்தார். இரண்டு முறை விழுந்தார். எங்கோ ரோடு பிரிந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து, காலடியில் கல் இல்லை, சருகுதான் இருக்கிறது என்று உறைத்தது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பழைய பாதையில் காட்டுக்குள் போய்விட்டிருந்தார். நின்ற இடத்தில் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்த இடத்தில், சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி, சிறுபிள்ளை மாதிரி அழுதார். பிறகு திரும்பி, வந்த வழியைக் காலால் தேடத் தொடங்கினார்.

எஸ்டேட் நாய்கள் குரைக்கிற சத்தத்தை வைத்துத்தான் கடைசியில் தொழிலாளர்களின் லயன் வீடுகளைக் கண்டுபிடித்தார். ஆட்கள் உடனே லாரியை எடுத்தார்கள். இடம் எது என்று அவர்கள் கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் லாரியை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தார். லாரி வெளிச்சத்தில் சைக்கிள் மின்னியதை டிரைவர்தான் பார்த்தார். தூக்கும்போது குமரகுருபரனுக்கு நல்ல நினைவு இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இனி மடங்காது, அவ்வளவுதான். ஹரிஹரன் பலமுறை போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். குமரகுருபரன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஒரு நாள் அவர் மனைவி ஆவுடைத்தாய்தான் பொறுக்க முடியாமல் கேட்டாள். "நீங்க அங்கன அம்புட்டு நேரம் எங்க போயிருந்திய? இவுக கிட்ட கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காக."

ஹரிஹரன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, பின்சக்கரத்தைப் பார்த்து ஓட்டியது, காட்டுக்குள் வழி தவறியது. ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமரகுருபரன் மேலே ஓடும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கெடக்கையில நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார் கடைசியில். "பயந்து எறங்கிப் போயிட்டான்னு நெனச்சேன். நம்மள விட்டுட்டு ஓடிட்டான்னு. லாரி வந்து நீரு கூப்பிட்டப்போ எனக்குக் கேட்டுச்சு. பதில் சொல்லப் பிடிக்கல."

"இப்போதான் தெரிஞ்சுடுத்தே ஓய்."

"தெரிஞ்சிட்டு. உம்ம மேல தப்பு இல்ல. ஆனா நெனச்சது நெனச்சதுதானவே. அத இனி எப்பிடி எடுக்க?"

கோபமாக அவர் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஹரிஹரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். அப்படியே எழுந்து வந்தார். அதன்பின் போவது குறைந்தது. குமரகுருபரன் தச்சநல்லூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபிறகு நின்றே போயிற்று. அந்த வருஷக் கடைசியில் ஹரிஹரன் வேலையை விட்டார். அதற்கடுத்த மழைக்காலத்துக்குள், மிச்சமிருந்த கொஞ்சப் பார்வையும் அணைந்துவிட்டது.

சில வருஷம் கழித்து, திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குக் காமாக்ஷி அவரைக் கைபிடித்து அழைத்துப் போனாள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பெயர் சொல்லிப் பேசிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் காமாக்ஷி சொன்னாள்.

"உங்க சிநேகிதர் வந்திருந்தார். வாசல்ல தூணோரமா நின்னுண்டு உங்களையே பாத்துண்டிருந்தார். கிட்ட வருவார்னு நானும் பேசாம இருந்தேன். வரல."

ஹரிஹரன் மடியிலிருந்த தாம்பூலப் பையை நீவிக்கொண்டிருந்தார். "எப்படி நிக்கறார்?" என்று கேட்டார்.

"கம்பு ஊனிண்டுதான்."

பஸ் கிளம்பி, பேட்டையைத் தாண்டியது. வயக்காட்டுக் காற்று வந்தது. கல்லிடைக்குறிச்சி வந்ததும் காமாக்ஷி தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் தூங்கியிருக்கவில்லை.