வட்டத்துக்குள் பேசியவன்

நேட் ரெண்டனை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்பதில் ஈரி நகரத்தில் இரண்டு கருத்து இல்லை. முடி வெட்டும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஞாயிறு பூசை முடிந்த தேவாலய வாசலிலும் அவன் தலைதான் உருண்டது. சீசனின் கடைசி மேட்சில், ஏரிக் காற்று பனியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பாட்டுப் பாடியது. தோற்றுக்கொண்டிருந்த ஊருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அயர்ன்மென் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரெண்டன் புதிதாக வந்தவன். பந்து நம் கையில் இருக்கும்போது அடுத்து எந்த உத்தியை ஆடுவது என்று முடிவு செய்யும் கோச். ஜெயித்தால் பெயர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் போகும், தோற்றால் பழி இவன் தலையில் விழும். அந்த வேலையின் தலையெழுத்து அப்படி. செப்டம்பரில் ரெண்டன் விருந்தே போட்டான். மைதானத்தின் பாதி நீளத்துக்குப் பந்து பறந்தது, எதிரணிகள் திருதிருவென்று விழித்தன. அக்டோபர் பாதியிலிருந்து என்ன ஆயிற்றோ, வெறும் கஞ்சி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பாஸ், இல்லாவிட்டால் பந்தை இறுக்கிக்கொண்டு நேராக ஓட்டம். மறுபடியும் அதே பாஸ், அதே ஓட்டம். என்ன வருகிறது என்று சீசன் டிக்கெட் வாங்கிய கிழவிகள்கூட முன்கூட்டியே சொன்னார்கள்.

முதலாளி லூமிஸ் திங்கட்கிழமையே தலைமை கோச் கோர்டன் வாசெக்கைக் கூப்பிட்டார். ரெண்டனின் வேலையை எடைபோட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், இருக்கட்டும் அல்லது போகட்டும் என்று ஒரே வார்த்தை போதும் என்றார். எந்த வார்த்தை வேண்டும் என்பதையும் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

வாசெக்குக்கு அப்படிச் சொல்லிவிட மனசு வரவில்லை. ரெண்டனைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தவரே அவர்தான். தவிர, இளைஞனாக இருந்தபோது அவரையும் இரண்டு ஊர்களில் இப்படித்தான் விசாரிக்காமலே வெளியே தள்ளினார்கள். மனைவி அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களைச் சுற்றி வைத்துக்கொண்டே அழுததை அவர் மறக்கவில்லை. ஒருவன் வயிற்றில் அடிப்பதானால் அவன் செய்ததை முழுக்கப் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஆகவே மூன்று நாள் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்தார். கோச்சுகள் பார்க்கும் படம் டிவியில் வருவது போன்றதல்ல. உயரத்திலிருந்து எடுத்தது, சத்தம் கிடையாது. ஒவ்வொரு துண்டும் பந்து கிளம்புவதற்கு ஒரு மூச்சு முன்னால் தொடங்கி, விசில் ஊதியதும் முடிந்துவிடும். நடுவில் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடி நிற்பது, திரும்பி நடப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. வாசெக்கும் காலமெல்லாம் அப்படித்தான் நினைத்துவந்தார்.

படத்தில் ரெண்டனைக் காப்பாற்ற ஒன்றுமே அகப்படவில்லை. தூரத்தில் நம் ஆள் தனியாக நிற்கிறான், பந்து அங்கே போவதில்லை. அக்டோபர் ஆரம்பத்தில் பந்தைக் கிளப்ப வேண்டிய நேரம் தீர்ந்துபோய் அபராதம் மேல் அபராதம். நேரத்தோடு உத்தியைச் சொல்லத் துப்பில்லாதவன் என்று அப்போதே வாசெக் அவனைக் காய்ச்சி எடுத்திருந்தார். பிறகு அபராதம் நின்றது, கூடவே ஆட்டமும் செத்தது. வியாழன் மதியம் அவர் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்தபோது, போகட்டும் என்ற வார்த்தை கிட்டத்தட்ட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பசித்தது. துறைமுகத் தெருவில் இருக்கும் பாரில் போய் உட்கார்ந்து சிக்கன் விங்ஸ் சொன்னார். தலைக்கு மேலே டிவியில் நவம்பர் மேட்சைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவரை அடையாளம் கண்டு கடைக்காரன் மரியாதைக்காக ஒலியைக் குறைத்தான். வேண்டாவெறுப்பாக அண்ணாந்து பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

டிவிக்காரன் வட்டத்தை வெட்டுவதில்லை. பத்துப் பேர் குனிந்து நிற்கிறார்கள், நடுவில் குவார்ட்டர்பேக் வெஸ் ஹாலரன். ரெண்டன் சொல்லும் உத்தி ரேடியோ வழியாக வெஸ்ஸின் ஹெல்மெட்டுக்குள் மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு உத்திக்கும் சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரு பெயர். அதை ஒரு தடவை கேட்டு, ஒரு சொல் பிசகாமல் அவன் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவன் வாயைத்தான் பார்ப்பார்கள். இங்கே ஒருவனும் வெஸ்ஸைப் பார்க்கவில்லை. எல்லாருடைய ஹெல்மெட்டும் வெஸ்ஸிடம் பந்தை எடுத்துக் கொடுக்கும் பிரைஸ் பக்கம் திரும்பியிருந்தது. பேசுகிறவன் பிரைஸ். வெஸ்ஸும் பிரைஸின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கேட்டுப் பாடம் பண்ணும் பிள்ளையைப் போல.

அடுத்த முறை வட்டம் கூடுவதற்கு முன் பிரைஸ் மைதான ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். ஓரத்தில் ரெண்டன் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அந்த விரல்களை வாசெக் சீசன் முழுக்கப் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறார். எதிரணியைக் குழப்புவதற்காக எல்லா அணியும் ஓரத்தில் நின்று வெற்றுச் சைகை காட்டும். இதுவும் அப்படி என்று விட்டுவிட்டார். இது பிரைஸுக்குக் காட்டும் நிஜச் சைகை; விரலில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் உத்தி. ஆட்டம் ஏன் செத்தது என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தட்டு வந்தது, அவர் தொடவில்லை.

ரெண்டன் தன் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து கை நீட்டினான். வாசெக் கையைப் பிடிக்காமல் கதவைச் சாத்தினார்.

"வெஸ்ஸுக்கு என்ன?"

ரெண்டன் முதலில் மழுப்பினான், பிறகு உட்கார்ந்துவிட்டான். அக்டோபரில் ஒரு சாயங்காலம் வெஸ் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தானாம். தலையில் அடி வாங்கி வாங்கி, கேட்கிற சொல் கேட்கும்போதே நழுவிவிடுகிறது, வட்டத்துக்குள் போய் நின்றால் தலை காலியாக இருக்கிறது என்று ரெண்டனின் காரில் உட்கார்ந்து அழுதானாம். மருத்துவருக்கும் கோச்சுக்கும் தெரியக் கூடாது, இந்த ஒரு சீசனை முடித்துவிட்டுத் தானே சொல்கிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம். வாசெக் கோபத்தில் கத்தினார்.

"அதுக்கப்புறமும் அவனை அனுப்பினியே. அந்தத் தலையில இன்னொரு அடி விழுந்திருந்தா? உனக்கு அறிவு இருக்காடா?"

"அடி விழக் கூடாதுன்னுதான் கோச் சின்னச் சின்ன பாஸா குடுத்தேன்" என்றான் ரெண்டன். "கையில பந்து நின்னாத்தானே வந்து மோதுவாங்க? நிக்க விடல. வேணும்னா பாருங்க, அதுக்கப்புறம் அவன் முதுகு தரையில பட்டதே அபூர்வம்."

அது உண்மை. மூன்று நாள் பார்த்த படம் முழுக்க வாசெக் கண் முன்னால் வந்து போனது. மட்டம் என்று அவர் குறித்த ஒவ்வொன்றிலும், மோத வருகிறவர்கள் கிட்டே வருவதற்குள் பந்து வெஸ்ஸின் கையை விட்டுப் போயிருந்தது. ஊர் முழுக்கத் துப்பத் துப்ப இவன் துடைத்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான். இருந்தும் செய்தது தப்புதான். முதல் நாளே வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசெக் அதையும் சொல்லித் திட்டினார். பொய் சொல்லி ஒருவனைக் காப்பாற்ற முடியாது, அது அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வது என்றார். கடைசியில் ரெண்டன் ஒன்று மட்டும் கேட்டான்.

"என்னைய அனுப்பிடுங்க கோச். ஊரும் அதைத்தான் கேக்குது. வெஸ் தானா மரியாதையோட விலகிக்கட்டும்."

அன்று இரவு வாசெக் தூங்கவில்லை. வெஸ் அவர் பொறுக்கி எடுத்த பையன். தாடி முளைக்காத வயசில் வந்தான். இப்போது அவன் பெண் குழந்தைகள் இரண்டு பேரும் வாசெக்கைத் தாத்தா என்று கூப்பிட்டு மடியில் ஏறுகிறார்கள். அவரும் மனைவியும் பிள்ளையில்லாதவர்கள். வெஸ்ஸிடம் ஆட்டம் முடிந்தது என்று சொல்ல வேண்டும், அல்லது ரெண்டனைப் பலி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டால் வெஸ் அடுத்த வருஷமும் ஹெல்மெட் மாட்டுவான்.

வெள்ளிக்கிழமை ஆட்டக்காரர்கள் அலமாரி காலி செய்யும் நாள். கறுப்புக் குப்பைப் பைகளில் ஷூவையும் துணியையும் திணித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தலைமை கோச்சின் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். வெஸ் சிரித்துக்கொண்டே வந்தான். வாசெக் எடுத்ததும் ரெண்டனைப் பற்றித்தான் கேட்டார். இவன் வாயாலேயே அது வரட்டும் என்பது அவர் ஆசை.

"நல்ல பையன்தான் கோச். ஆனா அவனுக்கு இந்த வேலை வரல" என்றான் வெஸ். "நல்லா போய்ட்டிருந்துச்சு, திடீர்னு எல்லாத்தையும் வெட்டிட்டான். ஏன்னு கேட்டா பதில் இல்ல. முழுசா குடுத்திருந்தா நான் ஆடியிருக்க மாட்டேனா?"

வாசெக்குக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. உனக்காக ஒருவன் ஊரெல்லாம் செருப்படி வாங்கியிருக்கிறான், நீ அவனையே காட்டிக்கொடுக்கிறாயா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். எப்படியோ அடக்கிக்கொண்டு, அக்டோபரில் ரெண்டனின் காரில் உட்கார்ந்து என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டார்.

"அவன் கார்லயா? நானா?"

வெஸ் பொய் சொன்னால் வாசெக்குக்குத் தெரிந்துவிடும்; காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. அவன் கள்ளமில்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரைஸ், விரல்கள், கார், சத்தியம், நாளைக்கே போக வேண்டிய மருத்துவர், இனி மைதானம் இல்லை என்பது வரை. வெஸ்ஸின் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. நானா கேட்டேன், நானேவா கேட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மனைவி ஜோலீனிடம் எப்படிச் சொல்வேன் என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரெண்டனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். வாசெக் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அலமாரியைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று அவன் போனான்.

வாசெக் உடனே ஜோலீனுக்குப் போன் செய்து, காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், வெஸ் ஓட்ட வேண்டாம் என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது, அவ்வளவுதான். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்து லூமிஸுக்குப் போட்டார்.

"ரெண்டன் இருக்கட்டும்."

லூமிஸ் குதித்தார். ஊருக்கு என்ன பதில் சொல்வது, எதைப் பார்த்து இருக்கட்டும் என்கிறீர்கள் என்றார். இதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை, என்னைக் கேட்டிருந்தால் அதைச் செய்ய விட்டிருக்கவும் மாட்டேன், மிச்சத்தை நேரில் சொல்கிறேன் என்று வாசெக் போனை வைத்தார். ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லோரிடமும் சொல்லியாயிற்று, இனி மருத்துவர் பாடு என்று நினைத்துக்கொண்டார்.

கதவைத் தட்டிக்கொண்டு வெஸ் வந்தான். தோளில் கறுப்புப் பை, முகத்தில் பழைய சிரிப்பு. அழுத கண் இன்னும் சிவந்திருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கோச், ரெண்டனைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிட்டே இருக்கேன்" என்றான். "நல்ல பையன்தான். ஆனா அவனுக்கு இந்த வேலை வரல."

வாசெக் அவனைப் பார்த்தார். மறுபடியும் பிரைஸிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடியும் அந்த உடம்பு குலுங்குவதைப் பார்க்க வேண்டும். அவனுக்கு அது மறுபடியும் முதல் தடவையாக இருக்கும். பொய் சொல்லி ஒருவனைக் காப்பாற்ற முடியாது என்று நேற்று ரெண்டனிடம் அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஜன்னலுக்கு வெளியே ஜோலீனின் கார் இன்னும் வரவில்லை.

"சரிப்பா" என்றார் வாசெக். "அனுப்பிடலாம்."

"அடுத்த வருஷம் பாருங்க கோச், பின்னிடலாம்" என்றான் வெஸ். பிறகு முழங்கையை மேஜையில் ஊன்றி, அடுத்த வருஷம் என்னென்ன ஆடலாம் என்று ஆசை ஆசையாகச் சொல்லத் தொடங்கினான். கார் வரும் வரைக்கும் வாசெக் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.