பிரிட்ஜுக்கு ஒரு செருப்பு

வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று பிள்ளைகளை அடித்து வளர்த்தவள் மார்த்தாள். ஆனால் பிரிட்ஜைத் திறப்பதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு அவள் சமையல்கட்டில் கிடக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுரீரென்று இழுக்கும். மானாம்பதி காலனியில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். கரண்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தெருவே பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்டது.

மகள் சோபியா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆடியோ போர்டுகளைச் சோதிக்கிறவள். அங்கே உடம்பில் சேர்கிற கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த்து பட்டையை மணிக்கட்டில் கட்டாமல் நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். பதினோரு வருஷம் பட்டை கட்டியவள், வீட்டுக்கு வந்தால் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திறப்பாள். ஒரு நாளும் யோசித்ததில்லை.

யார் யார் வீட்டுக்கோ போகிற பெட்டிகளுக்குக் காதைக் கொடுத்தது போதும், நல்லதாக ஒன்று தன் வீட்டில் பாட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே சேர்த்துவிட்டாள். பாக்கி டாக். கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி. சென்னைக் கடைக்காரர் இரண்டைப் போட்டுக் காட்டினார். விலை கூடியது கணீரென்று கேட்டது.

"ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்துட்டுப் போடுங்க சார்," என்றாள் சோபியா. "சத்தத்த ஏத்தி வெச்சா எதுவும் நல்லாதான் கேக்கும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, வயலின்காரர் வில்லைத் திருப்புகிற உரசல் தெளிவாக விழுந்த பெட்டியை எடுத்தாள். விலை குறைந்ததுதான் அது. குறைந்தது என்றாலும் அவளுடைய நாலு மாதச் சம்பளம்.

பெட்டியைப் பொருத்த, கடையிலிருந்து வசந்த்குமார் என்ற டெக்னீஷியன் வந்தார். சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்தது.

"கொய்யுன்னு கீதே, இன்னாடி இது?" என்றாள் மார்த்தாள்.

வசந்த்குமார் ஒயரை மாற்றினார், இடத்தை மாற்றினார். இரைச்சல் நகரவில்லை. அண்ணாந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார். "மேடம், இந்த மாதிரி இடத்துக்கு இது செட் ஆகாது. நான் திரும்ப எடுத்துக்கறேன். ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கங்க, போதும்."

"இந்த மாதிரி இடம்னா?"

"கிராமத்துக் கரண்டு மேடம்," என்றவர், படிவத்தில் 'இடம் தகுதியில்லை' என்று எழுதினார்.

அந்த இரண்டு வார்த்தையைப் படித்ததும் சோபியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெறுங்காலோடு போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். சுரீரென்றது. இரைச்சல் பாதியாக இறங்கியது. கையை எடுத்தாள், ஏறியது. தரைக்குப் போக வழியில்லாத கரண்டு அவள் உடம்பு வழியாக இறங்கப் பார்த்தது. சமையல்கட்டில் கிடந்த செருப்பு எதற்கென்று அப்போதுதான் அவள் புத்திக்கு உறைத்தது.

வெளியே ஓடினாள். மீட்டர் பெட்டியிலிருந்து எர்த்து கம்பி சுவரோடு இறங்கித் தரையில் சிமெண்டுக்குள் போயிருந்தது. அண்ணன் சாம்சன் கொத்தனார். "அண்ணா, மெயினை அணைச்சுட்டு இத ஒடை," என்றாள். கடப்பாரையால் ஒரே குத்து. கம்பி கையோடு வந்தது. மண்ணைத் தொடாமல் சிமெண்டுக்குள்ளேயே முடிந்திருந்தது அது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காலனி முழுக்க லைன் இழுத்த காண்ட்ராக்டர் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் வேலை பார்த்திருக்கிறான்.

"ஒக்காருங்க சார், போவாதீங்க. தகுதியில்லாதது எதுன்னு காட்றேன்," என்றாள்.

அண்ணனும் தங்கையுமாக எட்டடி தோண்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடந்த இரும்புப் பைப்பை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கம்பியைப் பைப்போடு முறுக்கினார்கள். மண்ணும் வியர்வையுமாக வந்து சோபியா மெயினையும் சுவிட்சையும் போட்டாள். இரைச்சல் இல்லை. பிறகு வில் உரசியது. கடையில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது.

வசந்த்குமார் படிவத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. அத அடிச்சிட்டு, 'எர்த்து இல்லை, வீட்டுக்காரங்க போட்டாங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றாள் சோபியா.

அவர் எழுதினார்.

மார்த்தாள் செருப்பை ஒதுக்கிவிட்டு வெறுங்காலோடு நின்று, ஒற்றை விரலால் பிரிட்ஜைத் தொட்டாள். அப்புறம் முழுக் கையையும் வைத்தாள். ஒன்றும் இழுக்கவில்லை. கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"பதினஞ்சு வருசம் அந்தக் காண்ட்ராக்டரு நம்மள ஏமாத்திக்கினு இருந்திருக்கான்," என்றாள். "பாட்டு அப்பால கேக்கலாம். பக்கத்து வூட்டுத் தாயாரம்மா கைப்புள்ளைய வெச்சிக்கினு கீது. மொதல்ல அங்க தோண்டுங்க."

சோபியா பாட்டை நிறுத்தவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.