தேய்க்கக்கூடாத காசு

பழைய நாணயங்களை வெல்டர் எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று கேட்டுத்தான் மச்சினன் சுத்தியலை ஓங்கினான். முதல் அடியில் வெல்டரின் இடது சுண்டுவிரல் நசுங்கியது, அடுத்ததில் மோதிர விரல். அப்போதும் அவன் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தான்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "விட்றா பாவி! நானே எடுத்துத் தர்றேன்" என்று அலறிக்கொண்டே அலமாரியின் அடிப்பலகையைப் பெயர்த்து டப்பாவை எடுத்தாள். ஈரம் தாக்காதபடி ஒவ்வொரு நாணயமும் தனித்தனிக் காகித உறையில் இருந்தது.

"இந்தக் கறுத்துப்போன செல்லாக்காசுக்கா மாமா இவ்வளவு வீம்பு?" மச்சினன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றை உருவி, எச்சில் துப்பிச் சட்டையில் பரபரவென்று தேய்த்தான்.

விரல் உடைந்தபோது வராத வெறி வெல்டருக்கு அப்போது வந்தது. அந்தக் கறுப்புதான் நாணயத்தின் உயிர், தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்று இந்த மடையனுக்கு எங்கே தெரியும்? வலது கையால் சுத்தியலை எடுத்து அவன் தாடையிலேயே ஒரு போடு போட்டான். பற்கள் தெறித்தன. மச்சினன் ரத்தம் கக்கிச் சுருண்டான். டப்பா கவிழ்ந்து, உறைகள் பிரிந்து, நாணயங்கள் தரையெங்கும் சிதறின.

தம்பியைத் தூக்குவதா, புருஷன் கையைக் கட்டுவதா என்று புரியாமல் மனைவி மண்டியிட்டு அழுதாள்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. ரத்தம் காசு பக்கமா ஓடுது பாரு" என்று கத்தினான் வெல்டர். "ஓரத்தப் பிடிச்சு எடு, விரல் பட்டுடப் போகுது!"