பதின்மூன்றாம் நாள் ஈரல்

கணவர் இறந்து நான்கு மாதம் கழித்து, அவர் பாதியில் விட்ட கட்டுரைக்காக எலிக்கருக்களின் ஈரலை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றினாள் அவள். இருவருக்கும் ஒரே ஆய்வகம். பதின்மூன்றாம் நாள் ஈரலில், பித்தக் குழாயாகப் போகும் செல்களில் அந்த மரபணு இன்னும் விழிக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தார். இவள் நுண்ணோக்கியில் பார்த்தாலோ, அதே செல்கள், மரபணு விழித்துவிட்டதற்கு அடையாளமாக, பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தன. மூன்று முறை செய்தும் அதே பச்சை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லும்மா. அவர் முடிவு தப்புன்னா கட்டுரையை நிறுத்திடலாம்" என்றார் ஆய்வகத் தலைவி. நிறுத்தினால் கணவர் பெயரில் கடைசியாக வர வேண்டியதும் வராது.

பக்கத்து மேசைக்காரன் எதையும் கிளறாமல் விடமாட்டான். துருவி என்றே பட்டப்பெயர். அவள் கணவரை அண்ணன் என்று கூப்பிட்டவன்.

"அண்ணி, அண்ணன் கருவோட நாளை எப்படி எண்ணுவாரு? எலி ஜோடி சேர்ந்த மறுநாள் காலையை நாம பூஜ்யம்னு வைக்கிறோம். அவரோட பழைய லேப்ல அதையே ஒண்ணுன்னு வைப்பாங்களாம்."

"அப்ப அவரோட பதிமூணு, நம்ம பன்னண்டா?"

"எலியைத்தான் கேக்கணும். அதுக்கும் கல்யாணத் தேதி ஞாபகம் இருக்காது."

சிரித்துவிட்டாள். பிறகு இன்னும் குழம்பினாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளையும் சேர்த்து, "இன்னைக்கு ஆறாவது நாள்" என்பார் அவர். "அஞ்சுதான்" என்று இவள் மல்லுக்கு நிற்பாள். ஆனால் எலிகளையும் அப்படித்தான் எண்ணினாரா? இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியவில்லை.

கருவின் கையைப் பார்த்தால் வயது தெரியும். சீவுமுன் அவர் எடுத்திருந்த மூன்று கருக்களின் படங்களைத் திறந்தாள். இரண்டில் கை துடுப்பு மாதிரி, விரல் பிரியவில்லை. பன்னிரண்டேதான். நிம்மதியாக மூச்சு விடப் போனவள் மூன்றாவதில் திகைத்தாள். விரல்கள் தெளிவாகப் பிரிந்திருந்தன; அது நிஜமாகவே பதின்மூன்று. அவர் குறிப்புப்படி அந்த ஈரலிலும் மரபணு தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இது என்ன கூத்து?"

"அந்த ஒண்ணை விட்டுடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவர் விடலையே."

தலைவிக்கு எழுதினாள்: 'இரண்டு கருக்களின் நாளைத் திருத்தியிருக்கிறேன். மூன்றாவது ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் கட்டுரையில் இருக்க வேண்டும்.'

சற்று நேரத்தில் தலைவியே வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் புரியலம்மா. புரியலைன்னே போட்டு அனுப்பு."

அனுப்பினாள். அப்புறமும் அந்த மூன்றாவது ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.