எஞ்சின் சுடர்விழியுடையது

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையது இல்லை, வாசகரே. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது என் மனைவி சுடர்விழி சொன்னது: "நான் ஜெர்மனி போறதைப் பத்தி…"

அதற்குமேல் அவளை நான் விடவில்லை. "வேணாம்னு முடிவு பண்ணிட்டே, அதானே?" என்று நானே முடித்துவைத்தேன். கதை எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் உண்டு.

திருவாரூரில் ஃப்ளூ வைரஸை ஆராய்கிறாள். ஜெர்மனியில் இரண்டு வருட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

2

(இங்கே கேட்டை ஒரு பக்கம் வர்ணித்து, பிறகு அடித்துவிட்டேன். திசை திரும்பும் ரயிலின் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை கேட் திறக்காது. நாங்கள் வண்டியை அணைத்துவிட்டுக் கடலை தின்போம். அது போதும்.)

சுடர் கோபப்படவில்லை. கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு எஞ்சினைக் காட்டினாள்.

"புரதம் செய்யச் சொல்லி நம்ம செல்லு அனுப்புற செய்திய ஒரு ரயில்னு வச்சுக்கங்க. முன்னாடி எஞ்சின் இருந்தாத்தான் புரதம் செய்யிற எடத்துல கேட்டைத் தொறப்பாங்க. வைரஸ்கிட்ட பெட்டிதான் இருக்கு. அது என்ன பண்ணும்னா…"

"திருடும்."

"பாத்தீங்களா, மறுபடியும்!" சிரித்துவிட்டாள். "அதுகிட்ட மூணு புரதம் ஒண்ணாச் சேந்திருக்கு. ஒண்ணு நம்ம செய்தியோட தலைய, அதான் அந்த எஞ்சினப் பிடிச்சுக்கும். ஒண்ணு வெட்டும். இன்னொண்ணு வைரஸோட மரபணுவப் பாத்துப் படியெடுத்து, அந்தத் தலைக்குப் பின்னாடி கோத்துக்கிட்டே போகும். செல்லும் நம்ம ரயில்தான்னு நம்பி வேலை செய்யும். தலை போன நம்ம செய்தி அழிஞ்சுடும்."

"பாவம்."

"பாவம்தான். வீட்ல தெனம் என் பேச்சுக்கு நடக்குறது அதுதான்."

கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பி வீடு வந்து சேர்ந்தோம்.

3

கதைக்கு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் போகவில்லை. மாலையில் நாங்கள் வெண்ணாற்றுப் பாலத்தில்

அவள் போகிறாள். விமான நிலையத்தில் நான் வீரமாக

எனக்கும் அங்கேயே ஒரு வேலை

(இந்த மூன்றாவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.) எல்லாமே அவள் எஞ்சினும் என் பெட்டிகளும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: போகாதே என்று சொல்லத்தான் ஆசை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

4

இப்போது லேப்டாப்பை மூடிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏங்க, நான் ஜெர்மனி போறதைப் பத்தி…"

என் வாயில் வாக்கியம் தயாராக இருக்கிறது. மிச்சக் கடலையை அள்ளிப் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். வாசகரே, நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.