கேபிளின் கடைசி முனை

அக்காவின் அச்சகத்தில் பாடப்புத்தகங்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. நாளைக் காலை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். போன முறை மாடிக் குழாய் உடைந்து புத்தகமெல்லாம் ஊறி வீணானது. இன்னொரு முறை அப்படி ஆனால் அச்சடிக்கக் கொடுக்கும் பள்ளிக்கூடம் அவளிடம் திரும்ப வராது. அதனால்தான் சுவரோரமாகக் கசிவு காட்டும் கேபிளைப் போட்டுக்கொடுத்தேன்.

விஷயம் எளிதுதான். கேபிளில் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே ஓடும். கேபிள்மேல் தண்ணீர் பட்டால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மின்சாரம் கசியும். கேபிள் போய்ச் சேரும் பெட்டியிலுள்ள கருவி அதை உணர்ந்து, மாடிக்குப் போகும் குழாயின் வால்வை மூடிவிடும். சரி, கேபிளே அறுந்துபோனால்? அதற்காகத்தான் கடைசி முனையில் இரண்டு கம்பிகளையும் இணைத்து, மிளகளவு ரெசிஸ்டர், அதாவது மின்தடை ஒன்றை மாட்டுகிறோம். கருவி அனுப்பும் துளி மின்சாரம் அதுவரை போய்த் திரும்பி வந்தால் பச்சை விளக்கு. வராவிட்டால் மஞ்சள்.

பச்சை எரிந்தது.

"என்ன மாப்ளே, தண்ணியைத் திறக்கலாமா?" என்று படியிலிருந்து கத்தினார் மச்சான். அக்கா வீட்டுக்காரர், மாடியில் புதுக் குழாய் போட்டவர் அவர்தான்.

"திறங்க மச்சான்."

"உன் பொட்டிக்கு வேலையே இருக்காது பாரு. என் குழாய் ஒழுகாது."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் அக்கா.

அவர் மேலே போனார். சாமான்களைப் பொறுக்கக் குனிந்தேன். புத்தகம் கொண்டுவந்த தள்ளுவண்டியின் சக்கரம் கேபிள்மேல் நின்றது. நகர்த்திப் பார்த்தால், கேபிள் இரண்டு துண்டு.

நிமிர்ந்தேன். பச்சை.

அறுந்த கேபிளில் மின்சாரம் எப்படித் திரும்பி வரும்? காலையில் கருவியைச் சோதிக்க ரெசிஸ்டரைப் பெட்டிக்குள்ளேயே மாட்டியிருந்தேன். பிறகு அதைக் கழற்றிக் கடைசி முனைக்குக் கொண்டுபோக மறந்து, கேபிளையும் அதே திருகில் சேர்த்து முடுக்கிவிட்டேன். வாசலோடு திரும்பிய ஆள் ஊரையே சுற்றி வந்ததாகச் சொல்கிற கதைதான்.

மேலே குழாய்க்குள் காற்று உறுமியது. மச்சானுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. அறுந்த இடத்துக்கு அப்பால், புத்தகங்களுக்கு நேர்மேலே, கூரையில் ஈரம் வட்டமாக விரிந்து சொட்டத் தொடங்கியது. அந்தப் பக்கக் கேபிள் இனி கருவிக்கு எதையும் சொல்லாது.

மாடிக்கு ஓடிப் போக நேரமில்லை. பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டேன். கருவியைப் பொறுத்தவரை அதுவும் தண்ணீர்தான். உள்ளே 'டக்' என்றது. வால்வு முனகி முனகி மூடியது.

"யாருய்யா தண்ணியை நிறுத்தினது?" என்று மாடியிலிருந்து மச்சானின் குரல்.

அக்கா என் கையைப் பார்த்தாள். "என்னடா?"

"தப்பு என்மேலதான்க்கா. அந்தப் பச்சை காலையிலேர்ந்து பொய் சொல்லுது. சொல்ல வச்சதே நான்தான்."

இறங்கி வந்த மச்சான் கூரையைப் பார்த்தார். அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நனைந்த இரண்டு புத்தகங்களை மட்டும் தனியே வைத்தாள். மூவருமாக அடுக்குகளை நகர்த்தினோம். மச்சான் குழாய் இணைப்பைக் கழற்றி மாட்டினார். நான் கேபிளைச் சேர்த்து, ரெசிஸ்டரைக் கடைசி முனையில் பொருத்தினேன்.

மறுபடி பச்சை. அக்கா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீருடன் கேபிளின் கடைசிக்குப் போனாள்.

"நகருடா. நானே ஊத்தறேன்."

ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

'டக்.'

மச்சான் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். அக்கா தரையைத் துடைத்து, குவளையை மறுபடி நிரப்பினாள்.

"இப்ப நடுவுல."