உள்ளதை மட்டும் எழுதிய தாள்

"இது உன் கையெழுத்துதானே?"

கையில் ஒரு தாளோடு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், க்வென் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்டாள் லவோன். க்வென் கிளறிக்கொண்டிருந்த பீன்ஸ் அடிபிடிக்கத் தொடங்கியது.

"ஆமா. சும்மா ஒரு நடைமுறைக்குன்னு கிரெய்க்தான்..."

"அந்த நடைமுறையிலதான் இன்னிக்கு எனக்கு வேலை போச்சு. திருட்டுன்னு போட்டிருக்கான்."

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், அந்தப் பெரிய கடையின், நகைப் பிரிவில், இருவரும் பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். க்வென்னுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் லவோன். க்வென்னின் கணவன் விட்டுப் போனபோது மூன்று வாரம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவளும் அவள்தான்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் லவோன் ஒரு ஜோடித் தோட்டை, பிறகு தட்டில் வைக்கலாமென்று, சீருடைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். அங்கே எல்லோரும் செய்வதுதான். வாங்க வந்த ஒரு பெண்மணி மேலாளர் கிரெய்க்கிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "தோடு அவ பையில இருந்துச்சா இல்லையா? அத மட்டும் எழுதுங்க," என்று க்வென்னிடம் கேட்டான் அவன். இருந்தது. க்வென் எழுதிக் கொடுத்தாள்.

"நான் பொய் எதுவும் எழுதலையே, லவோன்."

"எழுதல. எல்லாரும் அப்படித்தான் போட்டுக்குவோம்னு ஒரு வரி எழுதினியா? அதையும் எழுதல. போன கிறிஸ்துமஸுக்குக் கடை வளையலை மாட்டிக்கிட்டு வீட்டுக்கே போயிட்டியே, அன்னிக்கு யாராவது உன்னப் பத்தித் தாள் எழுதினாங்களாடி?"

க்வென்னுக்கு முகம் எரிந்தது. மறுநாள் அந்த வளையலைத் திருப்பிக் கொடுத்தபோது கிரெய்க் விழுந்து விழுந்து சிரித்தான். புத்தாண்டு விருந்தில் அதையே சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். லவோன் மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் லவோன் படியிறங்கிப் போயிருந்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் க்வென் கிரெய்க்கின் அறைக்குப் போனாள். "வளையலை நான் வெளியவே கொண்டுபோனேன். அவ கவுன்டரை விட்டு நகரக்கூட இல்ல. அது திருட்டுன்னா இதுவும் திருட்டுதான். என்னையும் நீக்குங்க."

"உங்களப் போய் யாராவது திருடின்னு சொல்லுவாங்களா? முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்றான் அவன், கனிவாக. "அவ பார்த்த பொறுப்புக்கு உங்க பேரைத்தான் மேல அனுப்பியிருக்கேன்."

இத்தனை வருடமும் அந்தக் கனிவை க்வென் தன் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே நம்பியிருந்தாள். லவோனின் கறுப்புத் தோலுக்குக் கிடைக்காத அது, அவளுடைய வெள்ளைத் தோலுக்கல்லவா கிடைத்திருக்கிறது!

வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சீருடைப் பை வழக்கம், வளையல், கிரெய்க் சொன்னது, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்திட்டு லவோன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

லவோன் வாசலில் நின்றே இரண்டு முறை படித்தாள்.

"என்னை மன்னிச்சிரு," என்றாள் க்வென்.

லவோன் தாளை நான்காக மடித்தாள்.

"இத வக்கீல்கிட்ட குடுக்கறேன். இதுல இருக்கற பை வழக்கம், வளையல் ரெண்டையும் நேத்து அவன் மேசைக்கு முன்னாடி நின்னு நான் வாயால சொன்னேன், க்வென். ஒருத்தனும் காதுல வாங்கல. நீ எழுதியிருக்க, நம்புவாங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.